படைக்கிறவர் மறியலில் இருந்த காலம்

காலையில் பள்ளிக்கூடத்தில் கூர்ப்பு, பின்னேரம் கோயிலில் படைப்பு. எண்பத்தைந்தில் இருந்து சில வருடங்கள் என் சீவியம் இப்படித்தான் போனது. தண்ணீரில் இருந்த உயிர் எப்படிப் பரிணாமம் அடைந்து தரைக்கு ஏறியது என்று உயர்தர வகுப்புக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுவேன். பிறகு சைக்கிளை மிதித்து என் ஊரான கோப்பாய்க்கு வந்து, கிணற்றில் அள்ளிக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு போய், நாலு தலையோடு ஒருவர் தாமரைப் பூவில் இருந்து உலகத்தைப் படைத்ததற்குப் பயன் சொல்லுவேன். பெடியங்களுக்கு இது பெரிய பகிடி.

"சேர், சோதினைக்கு எதை எழுதுறது?" என்று ஒருவன் கேட்டான்.

"காலமை சொன்னதை எழுது. பின்னேரம் சொன்னதை எழுதினால் முருகன்தான் வந்து உனக்கு மாக்ஸ் போடவேணும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் முருகன் கோயிலில் நடக்கிற புராணப் படிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகம் போட்டு வாசிப்பார். மற்றவர் அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று சனத்துக்கு விளங்கப்படுத்துவார். அதைப் பொருள் சொல்வது என்று யாரும் சொல்வதில்லை, பயன் சொல்வது என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டுக்குப் பொருள் இருந்தால் மட்டும் காணாது, அதனால் கேட்கிறவனுக்கு ஏதாவது பிரயோசனம் இருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

எங்கள் கோயிலில் பயன் சொல்லி வந்த பெரியவர் மகனோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கோயில் மனேச்சர் என்னிடம் வந்தார். என் தகப்பன் அடித்து அடித்துப் பழந்தமிழ் படிப்பித்தது ஊருக்கே தெரியும்.

"எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை, அண்ணை" என்றேன்.

"உன்னை ஆர் நம்பச் சொன்னது? பயன் சொல்லத்தானே கேக்கிறன்" என்றார் அவர்.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பக்தி இல்லை. வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. எண்பத்துநாலில் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு லண்டனில் இருந்த தன் தமையனிடம் போனாள். "நீங்கள் பின்னாலை வாங்கோ" என்றாள். முதலில் விசா அலுவல் சரிவரவில்லை. பிறகு எனக்குப் போகிற மனம் வரவில்லை. சமைக்கப் பஞ்சியாக, அலுப்பாக இருக்கும், பேக்கரிப் பாணைச் சம்பலோடு தின்றுவிட்டுப் படுப்பேன். சில சனி ஞாயிறுகளில் வாயைத் திறக்காமலே இரண்டு நாளும் போய்விடும், திங்கட்கிழமை வகுப்பில் முதல் சொல் தொண்டையில் கரகரவென்று வரும். இப்படி இருக்கிறவனைப் பற்றி எங்கள் ஊரில் 'பாவம், கதைக்க ஆளில்லை' என்பார்கள். எங்களுக்குப் பேச்சும் கதைதான், புராணமும் கதைதான். ஒரு கதை இல்லாதவன் மற்றக் கதைக்குப் போனேன்.

பாட்டு வாசித்தவர் ஒரு தோட்டக்காரர். புகையிலை, மரவள்ளி, வெங்காயம் செய்கிறவர். தோட்டத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டார், ஆனால் பாட்டை எடுத்தால் குரல் வெளிவீதிக்குக் கேட்கும். அவருக்கு ஒரே மகன். அவன் நேர்மாறு, பெரிய வாயாடி. பஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்துவான், ஐயர் மாதிரி மந்திரம் சொல்லுவான், நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயன் சொல்கிறது மாதிரியும் செய்து காட்டுவான். செய்து காட்டுகிறான் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வந்ததில்லை. என்னை இவ்வளவு கவனித்துப் பார்க்க அந்த ஊரில் வேறு யாரும் இருக்கவில்லை.

எண்பத்தாறில் அவன் வெங்காயம் கொண்டு சந்தைக்குப் போன இடத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. இளந்தாரிகள் எல்லாரையும் லொறியில் ஏற்றினார்கள். தாயும் தகப்பனும் முகாம் முகாமாக அலைந்தார்கள். கடைசியில் பிள்ளை தெற்கே ஒரு சிறையில் மறியலில் இருக்கிறான் என்ற செய்தி மட்டும் வந்தது. அதற்குப் பிறகும் தகப்பன் படிப்புக்கு வந்தார். மகன் செய்த வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, புகையிலைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்ட சேறு கணுக்காலில் காய்ந்தபடி வந்து உட்காருவார். தாய் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருப்பார்.

அந்த வருடப் படிப்பில் பிரமா மறியலுக்குப் போகிற இடம் நெருங்கியது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். படைக்கிறவர் என்ற பெருமையில் பிரமா, சின்னப் பிள்ளையான முருகனைக் கவனியாமல் போகிறார். முருகன் கூப்பிட்டு, "ஓம் என்பதற்குப் பொருள் என்ன?" என்று கேட்கிறார். பிரமாவுக்குத் தெரியவில்லை. நாலு தலையிலும் குட்டு விழுகிறது, பிறகு மறியல். எங்கள் பேச்சில் ஆம் என்பதற்கும் ஓம்தான். முந்தின வருடம் இந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை, "ஓம் எண்டா ஓம்தானே, அதுகூட அவருக்குத் தெரியாதோ?" என்று சத்தமாகக் கேட்டுச் சபையே சிரித்தது. இந்த வருடம் சிரிக்க ஒருவரும் ஆயத்தமாக இல்லை.

அதற்கு முதல் நாள் அந்தத் தாய் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். கையில் முருங்கைக்காய்.

"நாளைக்குப் பிரமாவை மறியலிலை போடுற இடம் எல்லோ, மாஸ்டர்?"

"ஓம், அக்கா."

"விடுற இடம் எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை வரும் எண்டு நினைக்கிறன்."

முருங்கைக்காயை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு கேட்டார்: "உது மெய்யே?"

வகுப்பில் நிற்கிறவன் போல நான் தொடங்கிவிட்டேன். "அக்கா, உது உப்பிடியே நடந்த சரித்திரம் எண்டு நாங்கள் எடுக்கக் கூடாது. ஒரு கருத்தை விளங்கப்படுத்தத்தான் உந்தக் கதை. அகங்காரம் வந்தா அறிவு பூட்டுப்படும் எண்டதை ஒரு ஆளா, ஒரு சம்பவமாச் சொல்லியிருக்கினம். நடந்ததோ இல்லையோ எண்டது முக்கியமில்லை." இன்னும் என்னென்னவோ சொன்னேன். நல்லாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் முடியுமட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"நடந்ததோ எண்டு நான் கேக்கேல்லை, மாஸ்டர். நடக்குமோ எண்டு கேக்கிறன்."

முருங்கைக்காயை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. புராணம் நடந்த கதையா, கற்பனையா என்று கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் எத்தனை பேரோடு வாதாடியிருப்பேன். நம்புகிறவர்களும் நானும் ஒரே பக்கத்தைத்தான், முன்னால் போன காலத்தைத்தான், பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். கதை வரப்போகிற பக்கத்தையும் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று இரவு நெடுநேரம் அந்தக் காய்களை வைத்துக்கொண்டு குசினியில் இருந்தேன், சமைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் இடமில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு அந்தச் சுற்றாடலில் அது ஒன்று மட்டுமல்ல. பிரமாவை விடச் சொல்லிச் சிவன் முதலில் ஆள் அனுப்புகிறார். முருகன் விடமாட்டேன் என்கிறார், இன்னும் நின்றால் உன்னையும் உள்ளே போடுவேன் என்று வந்தவரையே விரட்டுகிறார். முகாம் வாசல்களில் அதே சொல்லைக் கேட்டு வந்த சனம் அது. பெண்கள் பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த பாட்டில் தகப்பனே எழும்பி மகனிடம் கேட்கப் போகிறார். தோட்டக்காரர் முதல் அடியை எடுத்தார். இரண்டாம் அடியில் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினார், திரும்ப எடுத்தார், அப்போதும் வரவில்லை. புத்தகத்தில் விரலை வைத்தபடி குனிந்துகொண்டு இருந்தார்.

வாசிக்காத பாட்டுக்குப் பயன் சொல்கிற வழக்கம் இல்லை. நான் சொன்னேன். மறியலில் போடுவது லேசு, ஆனால் போட்டவர் தலையில்தான் உள்ளே இருக்கிறவரின் வேலையும் விழும் என்றேன். முருகனே பிரமாவின் செபமாலையையும் கமண்டலத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படைக்க வேண்டி வந்ததை நினைவுபடுத்தினேன். உலகத்தில் ஒருவன் செய்கிற வேலை அவனுக்கென்றே இருக்கிறது, அவனைப் பூட்டி வைத்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், அதைப் பொறுக்க முடியாமல்தான் தகப்பன் தானே நடந்து போய்க் கேட்கிறார் என்றேன். என் வீட்டில் வெறுமையாகக் கிடந்த இடங்களும் அப்போது என் கண்ணில் வந்தன, மறைப்பானேன். பிரமாவை விட்டார்கள் என்று சொல்லி முடித்தபோது தாய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

எண்பத்தேழில் மேலிடங்களில் இந்தியாவோடு பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். அவனும் வந்தான். தாய் கோயிலில் பொங்கிப் படைத்து, எனக்கும் ஒரு சட்டியில் கொண்டுவந்தார். "பாத்தியளே, மாஸ்டர்?" என்றார். இந்த முறை விளக்கம் ஒன்றும் சொல்லாமல் பொங்கலை வாங்கிக்கொண்டேன். "அங்கை பிள்ளையை வடிவாப் பாத்தவங்களாம், ஒரு குறையும் விடேல்லையாம். சாப்பாடு கீப்பாடு எல்லாம் ஒழுங்காம்" என்று வழிநெடுகக் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அவனைப் பிறகு தோட்டத்தில் கண்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தான், வேறு வித்தியாசம் தெரியவில்லை. "சுகமே, தம்பி?" என்றால் "சுகம், மாஸ்டர்" என்பான். அதோடு சரி. பஸ் கொண்டக்டரும் இல்லை, ஐயரும் இல்லை, நானும் இல்லை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டான்.

அந்த வருடம் திரும்பவும் சண்டை தொடங்கி, புராணப் படிப்பு நின்று போனது. அடுத்த வருடம் சந்திகளில் இந்தியன் ஆமி நின்றது, இருந்தாலும் பொழுது இருக்கவே தொடங்கி முடிப்பது என்று படிப்பை வைத்தோம். பிரமாவை விடுகிற நாள் வந்தது. மகன் தாயோடு வந்து பின்னால் ஒரு தூணோடு சாய்ந்து இருந்தான். தகப்பனின் குரல் அன்று எங்கும் தடக்கவில்லை. வெளியே வந்த பிரமா, இந்தத் தண்டனை எனக்கு நல்லதாகவே போயிற்று, இதனால் என் அறியாமை நீங்கியது என்று நன்றியோடு சொல்கிற பாட்டு வந்தது. நான் அதற்குப் பயன் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் எழும்பி வெளியே போனான்.

படிப்பு முடிந்து போய்ப் பார்த்தேன். கோயில் கிணற்றடியில், கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, இடையிலை எழும்பி வந்திட்டாய்?"

"அந்தக் கடைசிப் பாட்டு, மாஸ்டர். நல்லதாப் போச்சு எண்டு பிரமா ஆருக்கு முன்னாலை நிண்டு சொன்னவர்?"

"முருகனுக்கும் தகப்பனுக்கும் முன்னாலை."

"போட்டவருக்கு முன்னாலையோ?"

"ஓம்."

"அப்ப வேறை என்னத்தைச் சொல்லுறது" என்றான்.

வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "என்னையும் மறியலாலை வெளிக்கிடேக்கை கேட்டவங்கள், வடிவாப் பாத்தனாங்கள்தானே எண்டு. வடிவாப் பாத்தனீங்கள் எண்டுதான் சொன்னனான். பேந்து வீட்டை வந்து அம்மாவுக்கும் அதையே சொல்லிப்போட்டன். இனி மாத்தேலாது."

அந்தப் பாட்டுக்கு எத்தனையோ பேர் பயன் சொல்லியிருப்பார்கள். பணிவு என்று சொன்னோம், ஞானம் என்று சொன்னோம். அதை எந்த முகத்தோடு பிரமா சொல்லியிருப்பார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவன், புராணப் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போகிறவன் போல, "வாறன், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளிவீதியால் நடந்தான்.

தாய் செருப்பைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். அவன் போகிறதைப் பார்த்தார்.

"என்னவாம், மாஸ்டர்?"

"புராணத்தைப் பற்றித்தான் கதைச்சவன், அக்கா."

"உங்களோடை எண்டாலும் கதைச்சானே. வீட்டிலை ஒரு கதையும் இல்லை. தகப்பனும் பேசாமல் இருப்பார், அவனும் பேசாமல் இருப்பான், நான்தான் சும்மா எதையாவது சொல்லிக்கொண்டு திரியிறது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அங்கை என்ன நடந்தது எண்டு நீங்கள் அவனை ஆறுதலாக் கேட்டுப் பாருங்கோவன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகன் வீதி முடக்கில் திரும்பி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் இரவிலை கத்துறது எனக்குக் கேக்கும், மாஸ்டர். கேட்டா, பிள்ளை திரும்பவும் எனக்குப் பொய் சொல்லவேணும். அதுதான் நான் கேக்கிறேல்லை."