யார் அள்ளுவது?

ஓர் இடத்தில் சும்மா உட்கார எனக்கு வராது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் மூன்று ஏக்கரில், பண்ணை பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கூடம் கட்டிய வருடம் அந்தப் புத்தி இன்னும் முற்றிப்போனது. ஜன்னல்களை இடம் மாற்றினேன். கடல் காற்று வரும் பக்கத்துச் சுவரை இரண்டு முறை இடித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கொத்தனார் என் காதில் விழும்படியே சொன்னார்.

எங்கள் மண்ணையே அழுத்திக் கற்களாக எடுத்தோம். கூரைக்குச் சவுக்கு, அதன் மேல் பழைய ஓடு. எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை கழிப்பறைதான். ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர். செப்டிக் டேங்க் வைத்தால் அது கிணற்றில்தான் போய்ச் சேரும். அதனால் தரைக்கு மேலேயே, தண்ணீர் ஊற்றாத கழிப்பறை. கீழே இரண்டு அறைகள். போய்விட்டு ஒரு குவளை மரத்தூள் போட வேண்டும். ஓர் அறை நிறைந்தால் அதை மூடி ஒரு வருடம் மக்க விட்டு, அடுத்ததைத் திறக்க வேண்டும். கழுவும் தண்ணீர் தனியாக வாழைக்குப் போய்விடும்.

வரைபடத்தை அக்காவிடம் காட்டினேன். எங்கள் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறவரைத்தான் அக்கா என்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்களைச் சேற்றில் இறக்கி நடவு சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். நான் பத்து நிமிஷம் பேசினால் கொட்டாவி விடுகிறவர்கள், அவர் அதட்டினால் சிரித்துக்கொண்டே நடுவார்கள். அவர் இல்லையென்றால் அது வெறும் கட்டடம்.

அக்கா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த யாரு சார் அள்றது?"

"மக்கினப்புறம் அது மண்ணுதான் அக்கா. நாத்தமே இருக்காது."

"மண்ணு, சரி. யாரு அள்றது?"

பொய் சொல்லுவானேன், குறிப்பாக யாரையும் நான் நினைத்திருக்கவில்லை. யாராவது அள்ளுவார்கள் என்று விட்டிருந்தேன். அந்த யாராவது எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று எங்கள் பக்கத்தில் கேட்க வேண்டியதே இல்லை.

"ஊருல மாடு செத்தா எங்கப்பனத்தான் கூப்டுவாங்க. இனிமே தூக்க மாட்டேன்னுட்டு அவரு பட்ட பேஜாரு எனக்குத் தெரியும்" என்றார். "எம்பொண்ணு இன்னிக்கி நர்ஸு. அவகிட்ட போயி நான் இன்னான்னு சொல்றது?"

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் கிணற்றுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன். நாலாம் நாள் அவர் வீட்டுக்கே போனேன். தளம் போட்ட வீடு, வாசலில் ஸ்கூட்டி. உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. "நானே அள்ளுறேன் அக்கா" என்றேன்.

"சொல்றது சுளுவு. அள்றன்னிக்கி பாக்கலாம்."

மறுநாள் வந்துவிட்டார். ஆனால் எனக்கு நிம்மதி போய்விட்டது. கூடம் திறந்த பிறகு, விருந்தாளி ஒருவர் அந்தப் பக்கம் எழுந்து போனாலே அறை எவ்வளவு நிறைந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன். முதல் அறை நிறைந்தது, மூடினோம். ஒரு வருடம் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒரு நாள் கழிவு அள்ளும் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்தேன். "வாக்குக் குடுத்தது நீங்க, வண்டிக்காரன் இல்ல" என்றாள் என் மனைவி.

மாசி மாதம் ஒரு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினேன். முதல் வெட்டுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பயந்தது போல ஒன்றுமில்லை. கறுப்பாக, பொலபொலவென்று, மழை விட்ட தோப்பு மாதிரி ஒரு மணம். கூடை கூடையாகச் சுமந்துபோய்த் தென்னைக்குப் போட்டேன். அக்கா வரப்பில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கூடை முடிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பிடி அள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினேன். "மோந்து பாருக்கா! மண்ணுதான்!"

அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

"நீ அள்ளிட்ட சார். பாத்துகினுதான கீறேன். அத்தோட வுடேன். என்ன ஏன் மோந்து பாக்கச் சொல்ற?"

நீட்டிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடம் நான் பயந்தது அள்ளுவதற்கு. அவரை அதன் பக்கத்தில் இழுக்காமல் இருப்பதுதான் வாக்கு என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு வெட்கப்பட்டதாக எனக்கு வேறு நினைவு இல்லை.

அக்கா நாற்றங்கால் பக்கம் திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"அடுத்த ரூம்பு எப்ப தொறப்பேன்னு முன்னாடியே சொல்லிடு. அன்னிக்கி நான் லீவு."