மண்ணுப்பான் ஊட்டுக் கல்யாணம்

என்னைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், மலைமேல் செம்மேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். அவர்களை அசர வைக்க ஒரு துரை வேண்டுமென்று, காப்பித் தோட்டத்து ருஷ்ய மேனேஜரைக் கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்தார். சொந்த நாட்டுப் புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த மனிதர். கோட்டில் பொத்தான்கூட முழுசாக இல்லை. அப்பா கூசாமல் அவரை "ருஷ்ய ராஜ வம்சம்" என்றார்.

எனக்கோ வேறு பயம். மலையில் எந்த வீட்டையும் முப்பாட்டனின் பட்டப்பேரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். எங்கள் முப்பாட்டன் கீழேயிருந்து உப்பு மூட்டை ஏற்றிவந்து விற்றவர். அதில் மண்ணைக் கலந்து விற்றவர். அதனால் நாங்கள் 'மண்ணுப்பான் ஊடு'. அப்பா இதை மூடி மறைக்க, கடைப் பலகையில் 'வணிக ரத்தினம்' என்று தனக்குத் தானே பட்டம் எழுதிக்கொண்டார். விஷயம் வெளியே வந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். சோளக்காட்டுச் சந்தையில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா துரையிடம் பணிவாக, "உங்க வம்சப் பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்றார்.

தோட்டத்து ஆட்களிடம் தமிழ் கற்ற துரை, "கோணமூக்கன் ஊடுங்க" என்றார்.

அப்பா அவசரமாகப் பலகாரத் தட்டைத் துரையிடம் நீட்டினார். துரை விடுவதாக இல்லை.

"எங்க நாட்டுல பாதிப் பேரு இப்படித்தானுங்க. குஸ்நெத்ஸோவுன்னா கொல்லன் ஊடு. ஸாய்த்ஸெவுன்னா முயலு ஊடு. பாட்டன் பயந்தாங்கொள்ளியா இருந்திருப்பானுங்க."

கடைக்குப் பலாப்பழம் கொண்டுவந்த மலைக்காரர் வாசலில் நின்று இதைக் கேட்டுப் பூரித்துப் போனார். "அட, நம்மூரு மாதிரியேங்க! இதுகூட மண்ணுப்பான் ஊடுங்க. இவங்க பாட்டன் வித்த உப்பைத் தின்னுதான் எங்க பாட்டனுக்குப் பல்லே போச்சுங்க."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எங்க கௌரவம் என்ன, வம்சம் என்ன..."

கூட வந்திருந்த மாப்பிள்ளை, "உக்காருங்கப்பா. ஊருல நம்மளைச் சளிமூக்கன் ஊடுன்னுதானே சொல்றாங்க?" என்றார்.

துரை துள்ளி எழுந்து பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப மூக்கு வழியில நாம சொந்தமுங்க!"

பெரியவருக்கு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்யாணப் பத்திரிகையில் இரண்டு அப்பாக்களும் வெட்கமில்லாமல் ஆளுக்கு இரண்டு வரி பட்டம் போட்டுக்கொண்டார்கள். அதை ஒருவரும் படிக்கவில்லை. நான் மாலையோடு மலை இறங்கும்போது, அதே பலாப்பழக்காரர் கூட்டத்துக்கு நடுவிலிருந்து உரக்கக் கேட்டார்: "கண்ணு, மண்ணுப்பான் ஊட்டுலிருந்து சளிமூக்கன் ஊட்டுக்கா போறே?"

இரண்டு அப்பாக்களும் பல்லைக் கடித்தார்கள்.

"ஆமாங்க!" என்றேன், மலைக்கே கேட்கும்படி.