மூன்றாவது மாடியில் பந்துச் சத்தம்

மாமியார் வீட்டில் அவருக்குப் பெட்டி மாப்பிள்ளை என்று பெயர். ஆட ஆரம்பித்துப் பதினைந்து வருஷத்தில் ஏழு நாடு, பதினோரு கால்பந்துக் கிளப். எந்த ஊரிலும் பெட்டியை முழுசாகப் பிரித்து அலமாரியில் அடுக்கினதில்லை. கோல் போட்டுக் கைதட்டு வாங்குகிற ஆளும் இல்லை. நடுக்களத்தில் நின்று எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுகிற வேலை. பேப்பரில் பேர் வராது. ஆனால் எந்தக் கிளப்பிலாவது சீசன் நடுவில் ஒருவனுக்கு முட்டி போய்விட்டால், அவசரத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் இவருக்குத்தான் போன் போடுவார்கள். முப்பத்துமூன்று வயதில் பதினோராவது கிளப்புக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

கிளப் கொடுத்த வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஓரத்தில் இருந்தது. படுக்கையறையின் தலைமாட்டுச் சுவர்தான் கட்டடத்தின் வெளிச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கீழே கார் நிறுத்துகிற இடம் தெரியும், அவ்வளவுதான்.

வந்த இரண்டாவது வாரம், கீழ்வீட்டு அம்மா அவரைப் படிக்கட்டில் நிறுத்தினார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதியம் மூணு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் சுவரில் பந்து அடிக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும், வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அந்த நேரம்தான் கண்ணசருவார் என்று தணிவாகச் சொன்னார். மதியம் ரெண்டிலிருந்து அஞ்சு வரைக்கும் நான் பயிற்சி மைதானத்தில் இருக்கிறேனே அம்மா என்று இவர் அந்த ஊர்ப் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டார். பொய் சொல்கிறவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறவர்களின் சிரிப்பு அது. அடுத்த வாரமும் அதே புகார். கிளப் மேனேஜரிடம் கேட்டார். இதற்கு முன்னால் நாலு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள், ஒருத்தர் மேலும் அந்த அம்மா குறை சொன்னதில்லை என்றார் மேனேஜர்.

ஏழாவது ஆட்டத்தில் இடது கணுக்கால் மடங்கியது. ஏற்கெனவே அடிபட்ட கணுக்கால்தான். ஆறாவது கிளப்பில் முறிந்து சேர்ந்ததிலிருந்து அந்தக் கால் பந்தைத் தொடுவதில் அரை நொடி பின்தங்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். இந்தத் தடவை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊருக்கு வந்தபிறகு மதிய நேரத்தில் வீட்டில் இருப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூணு மணிக்கு, தலைமாட்டுச் சுவரில் சத்தம் கேட்டது.

டொப். டொப். வலது கால், இடது கால், மாற்றி மாற்றி, பந்து தரையில் நிற்காமல். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். வெறும் சுவர். கீழே ஒரு பெண் காரில் காய்கறிப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் சுவர் லேசாக அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டபிறகுதான் அது உறைத்தது. இடது கால் அடி ஒவ்வொன்றும் அரை நொடி பின்தங்கி விழுந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதே கதவைத் தட்டினார் கீழ்வீட்டு அம்மா. இந்தத் தடவை கோபமாகத்தான் ஏறி வந்திருக்க வேண்டும். கதவு திறந்ததும் மாவுக்கட்டைப் பார்த்தார். உள்ளே சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் தோளுக்கு மேலாகப் படுக்கையறையை ஒரு தடவை பார்த்துவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் புகார் சொல்லவே இல்லை. படிக்கட்டில் எதிரே பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கி நிற்பார்.

நாலு நாள் கழித்து மனைவி போன் செய்தபோது மணி மூணேகால். இவர் விஷயத்தைச் சொல்லாமல் போனைச் சுவர்ப் பக்கம் நீட்டினார்.

"என்னங்க, கட்டைப் பிரிச்சாச்சா? அதுக்குள்ள பந்தைத் தொட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அடிக்கிறது யாருன்னு தெரியுதா?"

"பத்து வருஷமா கேக்குற சத்தம், எனக்குத் தெரியாதா? இடது கால் இன்னும் இழுக்குது பாருங்க. அவசரப்படாதீங்க."

சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

கட்டுப் பிரித்தபிறகும் கணுக்கால் மரக்கட்டை மாதிரிதான் இருந்தது. ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கச் சொல்வார் பிசியோ. இவர் ஆறில் தடுமாறுவார். சுவரிலோ நாளுக்கு நாள் அந்த இழுப்புக் குறைந்தது. மூன்றாவது வாரம் சுத்தமாகப் போய்விட்டது. பிறகு வேகம் கூடியது. அந்த வேகமும் அவருக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வயதில், இரண்டாவது கிளப்பில், காலில் ஒரு அடியும் படாத காலத்து வேகம். பயமெல்லாம் எப்போதோ பழகிவிட்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. தன் காலுக்கு வரவேண்டிய குணத்தை எவனோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் பந்தை எடுத்தார். கட்டிலைத் தள்ளிவிட்டுச் சுவருக்கு எதிரே நின்று வலது காலால் அடித்தார். அவர் பந்து சுவரைத் தொட்ட அதே நொடியில் அந்தப் பக்கமும் அடி விழுந்தது. இடது காலால் அடித்தார்; வழக்கம்போலப் பின்தங்கியது. அந்தப் பக்கத்து அடியும் அவருக்காகக் காத்திருந்து, சரியாக அவரோடு சேர்ந்து விழுந்தது. மறுபடி வலது. மறுபடி இடது, மறுபடியும் காத்திருந்தது. வயசானவரோடு நடக்கும்போது நாம் நடையைக் குறைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. எட்டாவது அடியில் கால் தாங்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பந்து உருண்டு கதவோரம் போய் நின்றது.

அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அது தன் பாட்டுக்கு ஆரம்பித்தது, பழைய வேகத்தில்.

மறுநாள் காலையில் கோச்சிடம் போய், போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்றார். கோச் ஏன் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கி, பதினைந்து வருஷம் ஆடினதே பெரிய விஷயம் என்றார்.

சொந்த ஊருக்குத் திரும்பி, ஒரு விளையாட்டு மைதானத்தில் புல்லைப் பராமரிக்கிற மேற்பார்வையாளர் வேலையில் சேர்ந்தார். சேர்ந்து நாலு மாசம் கழித்துத்தான், மனைவி காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது இன்னும் அங்கதான் இருக்கா?"

"தெரியல. நான் கிளம்பின அன்னிக்கு மூணு மணிக்குச் சத்தம் வரல. நாலு மணி வரைக்கும் உக்காந்து பாத்தேன். சாவியைக் குடுக்கக்கூட லேட்டாச்சு."

"எங்க போயிருக்கும்?"

"அந்தக் காலுக்கு எந்தக் கிளப்பும் இடம் குடுக்கும்" என்றார்.