கடைசி அடியில் ஒரு பெயர்

பெரியம்மாவின் சாவுக்காகச் செங்கத்திலிருந்து மலையேறிய பேருந்தில், முன் இருக்கைக்காரரின் கைப்பேசி ஒலித்தது. கூத்தில் சபை நடுவே நிற்கும் ராணி அழும் பாட்டு. அவர் எடுத்துப் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கத்தில் அந்த மெட்டை அறியாதவர் இல்லை. அதைக் கட்டியவர் யார் என்பதில்தான் பிணக்கு. எனக்கோ அதைக் கேட்ட மாத்திரத்தில் பெரியம்மாவின் முதுகு நினைவுக்கு வரும். கூத்தில் அந்தக் கட்டம் தொடங்கியதும் அவர் பாயிலிருந்து எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்துவிடுவார். தூக்கம் வந்துவிட்டது போலும் என்பார்கள்.

பெரியப்பா அந்தக் கூத்துக் குழுவின் ஆர்மோனியக்காரர். எந்தப் பாட்டானாலும் கடைசி அடியில் குழுவை நடத்தும் வாத்தியாரின் பெயரை வைத்து முடிப்பது அவர்களுடைய வழக்கம். அது மரியாதை, அவ்வளவே. ஒலிப்பதிவில் கேட்டவர்கள் அதைப் பாட்டு இயற்றியவரின் பெயர் என்று கொண்டார்கள். வாத்தியாரும் பெரியப்பாவும் மறைந்த பின், அடிவாரத்தில் எழுந்த புதிய கூத்து மேடைக்கு அந்தப் பாட்டைக் கட்டியவரின் பெயரை வைப்பதென்று முடிவாயிற்று. அடிவாரத்தார் வாத்தியார் என்றார்கள். "பொட்டி வாசிச்சது எங்காளு. உங்க வாத்தியாரு தலையாட்டினாரு, அவ்ளோதான்" என்று மலைக்காரர்கள் பெரியப்பாவுக்காகச் சண்டைக்கு நின்றார்கள்.

பெரியப்பாவோ தம் கடைசிக் காலத்தில் என்னிடம் சொல்லியிருந்தார்: "மெட்டு உங்க பெரிம்மாளுது. நான் பொட்டில கட்டைய மட்டும்தான் புடிச்சேன்." காய்ச்சலில் போன மூத்த மகளுக்காகப் பெரியம்மா அழுத ஒப்பாரி அது. வாசலில் உட்கார்ந்து கேட்ட பெரியப்பாவின் விரல்களில் தங்கிவிட்டது.

பழைய சொற்களோடு ஒருமுறை பாடிக்காட்டினால் வழக்குத் தீரும் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் மருமகள் அப்போது நிறைமாதம்.

"இன்னாடி பேசற? புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல எழவுப் பாட்டா?"

"கொல்லைல போயி பாடு பெரிம்மா."

"கொல்லைல வெளையற சாமைக்குக் காது கெடையாதா? வூட்ல சாவு வுழுந்தாதான் அதப் பாடலாம். அதுக்காவ இப்ப யாரச் சாவச் சொல்ற?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தார். "எம் பேரு எனக்கு வேணாம்டி. வாத்தியாரு பேரு வர்ற எடத்துல பூங்காவனம்னு இருந்திச்சி. எம் பொண்ணு பேரு."

பேரன் பிறந்தான்; கைக்குழந்தை உள்ள வீடாயிற்று; பின்பு பேத்தி. உயிர்கள் வளர்ந்துகொண்டிருந்த அந்த வீட்டில் பாட்டுக்கு வேளை வரவே இல்லை. மேடைக்கு வாத்தியாரின் பெயரே அமைந்தது. பெரியம்மாவின் பிடிவாதத்தை நான் மனத்துக்குள் எத்தனையோ முறை எதிர்த்து வாதாடியிருக்கிறேன், ஒருமுறையும் வென்றதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மெட்டு அதேதான். கூத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்கள், கடைசி அடியில் வாத்தியாரின் பெயரையும் விடாமல் சொல்லின. அவர் சொன்ன வேளை வந்திருந்தது; பழைய சொற்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த இடம் வந்ததும் "பூங்காவனம்" என்று அழுதேன்.

பக்கத்திலிருந்தவள் நிறுத்தினாள். "அது யாருங்க?"

"இவங்க மூத்த பொண்ணு."

அடுத்த முறை அவளும் அப்பெயரையே சொன்னாள். எதிரில் இருந்த அடிவாரத்துப் பெண்கள் எங்களை முறைத்து, வாத்தியாரின் பெயரை இன்னும் உரக்கப் பாடினார்கள். பாடை எடுக்கும்வரை இரண்டு பெயர்களும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டிருந்தன.