எட்டாவது வரைக்கும் இலவசம்

மாதனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிவருகிறார் ஆரோக்கியசாமி. அவர் தெருவிலேயே குடியிருக்கும் அப்துல் சமத்துக்கு அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. டிரைவருக்குப் பின்சீட்டு எப்போதும் சமத்துக்குத்தான். இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். தன் மகள் ஷர்மிளாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஆரோக்கியசாமி வாய் திறக்கமாட்டார்.

காரணம் பத்து வருடப் பழசு. தனியார் பள்ளியில் நாலில் ஒரு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும் என்று கேள்விப்பட்டு, இருவரும் ஹைவே ஓரத்து மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு மனுப் போட்டார்கள். மனுக்கள் அதிகம் என்பதால் குலுக்கல் நடந்தது. கடைசி இடத்துக்கு ஆரோக்கியசாமியின் மகள் ஷர்மிளா பெயர் வந்தது. அடுத்து, காத்திருப்போர் பட்டியலுக்கு எடுத்த முதல் சீட்டில் சமத்தின் மகள் ஃபிர்தௌஸ்.

சமத் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போய் ஸ்வீட் வாங்குப்பா."

ஆரோக்கியசாமி ஸ்வீட் வாங்கப் போகவில்லை. தான் மட்டும் மனுப் போடாமல் இருந்திருந்தால் அந்த இடம் அந்தக் குழந்தைக்குப் போயிருக்கும் என்ற எண்ணம் அன்று வந்து உட்கார்ந்தது. எழுந்து போகவே இல்லை. ஃபிர்தௌஸ் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். ஷர்மிளா பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் வரச் சொன்னார் அப்பா.

"நம்ம பொண்ணு ஜெயிச்சத ஏன் ஒளிக்கணும்?" என்று மனைவி அம்பிகா கேட்டாள்.

"பாய் வீட்ல பாத்தா மனசு கஷ்டப்படும்."

ஷர்மிளா எட்டாவது முடித்தாள். இலவசம் அதோடு சரி; ஒன்பதாவதிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆரோக்கியசாமியின் சம்பளத்துக்கு அது எட்டாத உயரம். அரசுப் பள்ளி என்று மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதேப்பா" என்றாள்.

அந்த ஒரு பேச்சு அவரைத் தூங்கவிடவில்லை. காலையில் பஸ்ஸை நிறுத்தி ஆளுக்காகக் காத்திருந்தபோது சமத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சமத் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தார். "யாரையும் தெரியாதா? எங்க ஃபிர்தௌஸ் இன்னா வெளியூரா?"

"அதில்ல பாய்..."

"பத்து வருஷமா அந்த ஸ்கூல் பேச்சே எடுக்கமாட்ட. உன் பொண்ணு நல்லா படிச்சா எங்களுக்கு வயிறு எரியும்னு நெனச்சியா, ஆரோக்கியம்? அது டை கட்டிக்கினு போறத என் வீட்டுக்காரி வஜீதா தினம் ஜன்னல்ல நின்னு பாப்பா. நம்ம தெருப் பொண்ணு எவ்ளோ அழகா போவுது பாருன்னு என்னையும் கூப்டுவா."

ஆரோக்கியசாமி ஸ்டியரிங்கில் தலை குனிந்துகொண்டார். காத்திருந்த பெண்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டி கிளம்பச் சற்று நேரமானது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று ஃபிர்தௌஸ் தானே வந்து ஷர்மிளா வீட்டு வாசலில் நின்றாள். "வாடி, முன்னாடியே போனாத்தான் ஃபேன் கீழ எடம் புடிக்கலாம்." சின்ன வயதில் மண்ணில் விளையாடியதோடு விட்டுப்போன சிநேகிதம், ஒரு வாரத்தில் பழையபடி ஒட்டிக்கொண்டது. ஷர்மிளா இங்கிலீஷ் பாடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். தமிழ்க் கட்டுரையில்தான் அவளுக்குப் பிழை மேல் பிழை. வீட்டில் உருது பேசும் ஃபிர்தௌஸ் பேனாவைப் பிடுங்கி, "இங்க சின்ன ர இல்லடி, பெரிய ற" என்று திருத்துவாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள், பஸ் ஹைவேயில் ஏறியதும் ஆரோக்கியசாமி தானாகவே ஆரம்பித்தார். "பாய், ஷர்மிளா தமிழ்ல எழுவத்திரெண்டு!"

"எங்க பொண்ணு எம்பத்தொம்போது" என்றார் சமத். "சொல்லிக் குடுத்தவளுக்கு ஜாஸ்தி வரவேணாமா?"

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆரோக்கியசாமி இன்னும் சத்தமாக, அடுத்த பாடத்தின் மார்க்கைச் சொல்லத் தொடங்கினார்.