எந்தக் கம்பி?

அம்மா கம்பிக்குள் பிறந்தவள். சின்ன வயதில் நான் அதை ஜெயில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி எண்ணுவது என்றால் என்ன என்பது யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் அதைப் பெருமையாக வேறு சொல்லிவைத்தேன். அன்று சாயங்காலம் அம்மா என் காதைப் பிடித்துத் திருகிய திருகு இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி கட்டிவிட்டார்களாம். கேட்டில் காவல் இருக்கும். ஊரடங்கு வந்துவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியேதான். சிடாம் கிரிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், அப்படி ஒரு கம்பிக்குள் பிறந்தவள் அவள்.

நான் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சும்மா இருக்க முடியாமல், அம்மாவின் அப்பாவுடைய வாழ்க்கையை நாட்டின் கதையோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் வருஷத்துக்கு எண் கிடையாது. தாத்தா கல்யாணம் செய்தது ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால். பெரியம்மா பிறந்தது ஜப்பான்காரன் வந்து, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தில். அதன் பிறகு தாத்தாவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். இனி வரமாட்டார் என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு எலும்பும் தோலுமாக வந்து நின்றார். செத்தது கம்பி கட்டும்போது. கம்பி ஓரத்தில் மறைவு இருக்கக் கூடாது என்று மரங்களை வெட்டினார்கள். அதில் ஒன்று அவர்மேல் சாய்ந்துவிட்டது.

தாத்தாவுக்குப் படம் ஒன்றும் கிடையாது. அதனால் என் மனதில் அவர் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடப்பார். விடியாத கித்தாக்காடு, ரப்பர் மரங்களுக்கிடையில் முழங்கால் உயரத்துக்குப் பனி, நெற்றியில் கட்டிய விளக்கு மட்டும் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருக்கும். மத்தியானத் தூக்கத்தில் சில நாள் நானும் பின்னாலேயே போவேன். கூப்பிட்டால் திரும்புவார் என்று தோன்றும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

ஆனால் அந்த வரிசையில் ஒரு முள் இருந்தது. கம்பி கட்டும்போது அவர் செத்தார். கட்டிய கம்பிக்குள் அம்மா பிறந்தாள். அப்படியென்றால் அவர் தன் மகள் முகத்தையே பார்க்கவில்லை. அம்மாவுக்கு மூன்று வயதில் அவளைப் பெற்றவளும் போய்விட, தாத்தாவின் அக்காதான் அவளை வளர்த்தாள்; பெரியம்மா தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அத்தைக்குக் கோபம் வந்தால் ஒரே வசவுதான்: அப்பனை முழுங்கிட்டு வந்தவ. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த அம்மா, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாராவது ஆரத்தித் தட்டை எடுத்தால் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துப்போன அத்தையிடம் போய் யார் சண்டை போடுவது?

ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கோத்தா கோலா மூடாவில் மகன் வீட்டில் இருந்த பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். சாப்பாடு முடிந்து, கடல்காற்றில் வீடே சொக்கிக் கிடந்தது. பெரியம்மா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தாள். அம்மா முறத்தில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் தாத்தா கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். கம்பி கட்டும்போது செத்தார் என்ற இடத்தில் பெரியம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எந்தக் கம்பி?"

கம்பி என்றால் கம்பிதானே என்றேன்.

"ரெண்டு கம்பி இருந்துச்சுலா. மொதல்ல பழைய லயத்தச் சுத்தி அவசர அவசரமா ஒண்ணு கட்டுனாங்க. இவ பொறந்தது அதுக்குள்ள. அப்புறம் எல்லாரையும் ஆபீஸ் பக்கம் புது லயத்துக்கு மாத்துனாங்க. அப்பா செத்தது அந்த ரெண்டாவது கம்பி கட்டுறப்ப. இவ அப்ப தவந்துக்கிட்டு இருந்தா."

அம்மாவின் கை முறத்திலேயே நின்றுவிட்டது. வெளியே யாரோ படகு இயந்திரத்தைக் கிளப்பப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை.

பெரியம்மா தூக்கத்திலிருந்து பேசுகிறவளைப் போல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அம்மாவுக்குச் சேனை வைக்க வேண்டியவள் அப்போது பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அதே அத்தைதான். வந்தாளாம். ஊரடங்கு நேரம் ஆகிவிட்டது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பசியில் கத்துகிறது, வேறு வழியில்லாமல் தாத்தாவே கையைக் கழுவிக்கொண்டு வந்து சேனை வைத்திருக்கிறார். அத்தை அந்தக் கோபத்தில் வெகுகாலம் அந்தப் பக்கமே வரவில்லை. சாவுச் செய்திகூடப் பிந்தித்தான் அவளுக்குப் போனது. பிள்ளை பிறந்த கையோடு அவர் போய்விட்டார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இதை ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று நான் பெரியம்மாவிடம் பாய்ந்தேன். நீங்கள் யாரும் கேட்கவில்லையே, அவளுக்குத் தெரியும் என்றல்லவா இருந்தேன் என்றாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அத்தையைக் கேட்டிலேயே தடுத்தார்களே என்று, ஊரையே கம்பி போட்டுப் பூட்டியவர்கள்மேல் ஒரு நிமிஷம் நன்றிகூட வந்தது. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மடியில் இருந்த முறத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"அக்கா, அப்பா சேன வைக்கிறப்ப நான் அழுதேனா?"

"இல்ல. அவரு வெரலப் பிடிச்சு சப்புனவ, விடவே மாட்டேன்னுட்ட," என்றாள் பெரியம்மா. "அவருதான் அழுதாரு."