ஐஸ் ரூமில் முள்ளெலியின் படுக்கை

கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறேன் என்று என் மகன் சொன்ன நாளிலிருந்து அவன் கிளம்பிப் போகும் நாள்வரை நான் அவனோடு பேசவில்லை. ஒரே பிள்ளை. துறைமுகத்துப் பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதை வேண்டாம் என்றுவிட்டு, சோறு பொங்குவதைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவன் முப்பது பேருக்குச் சமைக்கப் போனான். போகும்போது தான் வளர்த்த முள்ளெலியைப் பிளாஸ்டிக் பெட்டியோடு கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். காட்டில் பிடித்தது இல்லை. வளர்ப்பதற்கென்றே விற்கிற வெளிநாட்டு ரகம்.

முதல் தடவை அவன் வீடியோவில் கூப்பிட்டபோது என் வீம்பு இறங்கவில்லை. வாயைத் திறக்காமல் போனை முள்ளெலி பக்கம் திருப்பினேன்.

"துண்ணுதாம்மா?" என்றான்.

"துண்ணுது."

அவ்வளவுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுவே வழக்கமாகிவிட்டது. தூங்குதா, தூங்குது. ஓடுதா, ஓடுது. எனக்கும் அவனுக்கும் நடுவில் பேச மிச்சம் இருந்தது அந்த எலி ஒன்றுதான். அது செத்துப்போனால் அவன் எதற்காகக் கூப்பிடுவான்?

அவன் விட்டுப்போன காகிதப் படுக்கைப் பொட்டலம் இரண்டு மாதத்தில் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் வைக்கிற ஐஸ் ரூமில் வேலை பார்க்கிறவர். அவர் எங்கிருந்தோ ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்து பெட்டியில் கொட்டினார். எலி தும்ம ஆரம்பித்தது. அந்த உடம்புக்குள் அத்தனை தும்மல் எங்கே இருந்ததோ. "மூக்குல தூசி ஏறிகினு கீது மே" என்றார், வேறு யாரோ கொட்டியதைப் போல.

அதனால் துணிக்கு மாறினேன். நான் திருவொற்றியூரில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் துணியில் பிசிறு தேடுவதுதான் என் பிழைப்பு. முள்ளெலியின் துணியில் பிசிறு இருக்கக் கூடாது, நூல் சுற்றிக்கொண்டால் கால் போய்விடும் என்று மகன் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தான். பிசிறு விஷயத்தில் எனக்கா சொல்ல வேண்டும். குழந்தைப் போர்வைக்கு வெட்டியதில் மிஞ்சிய மெத்து மெத்தென்ற துணியைக் கேட்டு வாங்கினேன். ரோஸ் கலர், கரடி பொம்மை போட்டது. ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரம் அடித்து, பாஸ் செய்தேன். வீட்டுக்காரர் பதினைந்து வருடமாகப் போர்த்துகிற போர்வையில் பாதி பிசிறுதான். அதை யாரும் செக்கிங் பண்ணியது இல்லை.

அப்படியும் பூச்சி வந்தது. எலியின் காதோரம் வெள்ளையாகப் பவுடர் மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் அந்தப் பவுடர் நடக்கிறது. முள் உதிர ஆரம்பித்து, ஒரே வாரத்தில் இடது பக்கம் சொட்டையாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு வலது பக்கத்தை மட்டும் காட்டினோம். எலி திரும்பினால் பெட்டியைத் திருப்புவதற்காக வீட்டுக்காரர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, அது ஒரே பக்கமா நிக்குது?"

"ஜெபம் பண்ணுது" என்றேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் தடவலாம் என்றார். "உன் தலையில தடவிக்கோ" என்று சொல்லிவிட்டு எலியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். எனக்கு முன்னால் இரண்டு ஆடு, நாலு நாய், ஒரு வாத்து. என் முறை வந்ததும் எலி பந்தாகச் சுருண்டுகொண்டது. இருபது நிமிடம் திறக்கவில்லை. வரிசை மொத்தமும் வந்து சுற்றி நின்றது. ஆட்டுக்காரர் கையைத் தட்டிப் பார்த்தார். டாக்டரம்மா சின்ன வயசு. "எனக்கும் இதுதான் முதல் தடவை" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தனக்குப் பாடம் எடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, முதுகில் சொட்டு மருந்து விட்டார்.

"சொறிப்பூச்சி. நான் சொல்ற நாள்ல திரும்பக் கொண்டு வரணும். துணியத் தினம் மாத்துங்க. கொதிக்கிற தண்ணியில அலசி, காயவச்சு, ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுங்க."

"எங்களுக்கு ஒட்டுமா?"

"இது மனுஷங்க மேல தங்காதும்மா" என்றார், முழங்கையைச் சொறிந்துகொண்டே. நானும் சொறிந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவரும் ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒரு ஐஸ் டப்பா வைத்தால் அதோடு சரி. "அப்போ ஐஸ் ரூம் எதுக்கு கீது?" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலைக்கு வீட்டில் மரியாதை வந்தது அன்றுதான். கரடித் துணிகளைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய், மீன்காரப் பெண்கள் விற்காமல் மிஞ்சியதை வைக்கிற மூட்டைகளோடு வைத்தார். இரண்டு நாள் கழித்து எடுத்து வந்தார். துணியில் லேசாக மீன் வாடை. தெருப்பூனைகள் வாசலில் வரிசை கட்டின. எலி அதற்கெல்லாம் அசையவில்லை, புதைந்து தூங்கியது.

மருந்து விட்டு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தேன். உள்ளே நாலு கிலோ சங்கரா மீன். "இதும்மேலயா படுக்க வைக்கிறது?" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே எங்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மீன்காரம்மா வாசலில் வந்து நின்றார். ஐஸ் ரூமில் விசாரித்து வந்திருக்கிறார்.

"யக்கா, சங்கரா சங்கரான்னு கூவிகினு மூட்டைய அவுக்கிறேன், ரோஸ் கலர் துணி வருது, கரடி போட்டு. வெறச்சிப்போய் பலகையாட்டம் கீது. வாங்க வந்த அம்மா அதையும் கிலோ இன்னான்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் உடனே தரையில் படுத்துவிட்டார். நான் போனை எலியின் வலது பக்கம் பிடித்தேன். மீன்காரம்மா சாக்கை இறக்கிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அய்யே, இன்னாக்கா இது, சொறி புடிச்சி பாதி முள்ளு கொட்டிகினு கீது. பொயக்குமா?"

வீட்டுக்காரர் பெட்டியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யம்மா, அந்தப் பக்கம் காட்டு" என்றான் மகன்.

காட்டினேன். எல்லாம் முடிந்தது, இனி அடுத்த ஞாயிறு போன் வராது என்றுதான் நினைத்தேன். பூச்சி, சொட்டு மருந்து, ஐஸ் ரூம், சங்கரா மீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "நான் ஒழுங்காதான்டா பாத்துகினேன். ஒரு பிசிறு உடல" என்றேன்.

"தெரியும்மா. மூணு வாரமா நீ கையச் சொறிஞ்சிகினே எலியக் காட்டுற. கீழ நைனா வேற படுத்துகினு சொறியுறாரு."

அப்போதுதான் சொறிவதை நிறுத்தினேன்.

"யம்மா, அது செத்தே பூட்டாலும் நான் போன் பண்ணுவேன்."

"வாயக் கழுவுடா. அது ஏன் சாவுது?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினேன். என் பிள்ளையின் முகம் அடுப்பங்கரையில் நின்று கறுத்திருந்தது. அவன் கப்பலேறி ஐந்து மாதத்தில் எலியைப் பற்றி இல்லாத ஒரு கேள்வியை அன்றைக்குத்தான் அவனிடம் கேட்டேன்.

"இன்னிக்கு அங்க இன்னாடா ஆக்குன?"